மாசிலாமணியின் கதவு

பிஸ்கெட் கொடுக்கிறார்கள் என்றுதான் மாசிலாமணி அந்த வேனுக்குள் ஏறினான். பாலத்தடியில் படுத்துக் கிடந்து போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களின் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆராய வந்த மருத்துவக் குழுவின் வேன் அது. டாக்டர் ஷாகிரா அவன் நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிற மழைக்குள் ஏதோ ஒன்று திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது.

"இன்னாம்மா அது?"

"உங்க இதயத்துக்குள்ள இருக்கிற கதவுண்ணா. ரத்தம் போகத் திறக்கும், திரும்பி வராம மூடிக்கும். அதுல ஒரு கட்டி தொங்குது பாருங்க. ஊசி வழியாப் போன கிருமி. இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்ந்தாகணும்."

கட்டியை அவன் பார்க்கவில்லை. வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து, தனக்கென்று எங்கேயாவது ஒரு கதவு இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"அத்த யாரு தொறக்குறா?"

"யாருமில்ல. தானாத்தான்."

"நான் தூங்கசொல்லோ?"

"அப்பவும்."

"ஊசி ஏத்திக்கினு மட்டையா கெடக்கசொல்லோ?"

"அப்பவும்தாண்ணா. ஒரு தடவகூட நின்னதில்ல."

வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, பிஸ்கெட்டை அங்கேயே மறந்துவிட்டு, நெஞ்சை ஒரு கையால் அணைத்தபடி, தோளில் தூங்கும் பிள்ளையோடு இறங்குகிறவனைப் போல ஒவ்வொரு படியாக இறங்கினான். பாலத்தின்மேல் ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்தது. மாசிலாமணி தலையை நிமிர்த்தி, உதட்டின்மேல் விரலை வைத்தான்.