கிரேன்காரர் கொடுத்த டப்பா

"இன்னைக்கும் டப்பா வரலையா?"

தொழிற்சாலை வாசலிலேயே மறித்து நின்ற நர்ஸைப் பார்த்ததும் கிரேன்காரர் தலையைச் சொறிந்தார்.

"மறந்துட்டேன் சிஸ்டர்."

"நேத்தும் மறந்தீங்க. முந்தாநாளும் மறந்தீங்க. சாப்பிட மட்டும் மறக்கறதே இல்லையே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய எல்லாரும் குடல் கேன்சர் பரிசோதனைக்கு மலம் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. கட்டைவிரல் அளவில் ஒரு டப்பா, மூடியோடு ஒட்டிய குச்சி, அவ்வளவுதான். அறுபத்தெட்டுப் பேரில் அறுபத்தேழு பேர் கொடுத்தாயிற்று. இவர் ஒருத்தர்தான் பாக்கி.

"எனக்கு என்ன குறைச்சல் சிஸ்டர்? அறுபதடி ஏணியை ஒரே மூச்சுல ஏறுறேன்."

"அது உங்க குடலுக்குத் தெரியாதுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கப்பாவும் நல்லாத்தான் இருந்தாரு. வயித்துவலின்னு டாக்டர்கிட்ட போனாரு. இரைப்பையில கேன்சர்னாங்க. மூணே மாசம்."

"டாக்டர்கிட்ட போனதால சாகலை. லேட்டாப் போனதாலதான்."

"என்னவோ போங்க. தெரியாம இருக்கற வரைக்கும்தான் நிம்மதி."

நழுவிப் போய் கிரேனில் ஏறிக்கொண்டார். அங்கே யாரும் பிடிக்க முடியாது என்று நினைத்தார் போலிருக்கிறது. நர்ஸ் நேராக ஆபீசுக்குப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"கிரேன் ஆபரேட்டர் கவனத்துக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள டப்பா வரலைன்னா, நீங்க மேலே ஏற நான் கையெழுத்துப் போட மாட்டேன். கீழே நின்னு கொடி ஆட்ட வேண்டியதுதான்."

யார்டு முழுக்க விசில் பறந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் டப்பா வந்தது. காகிதத்தில் நாலு சுற்றுச் சுற்றி மேஜையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டார்.

"இவ்வளவு பெரிய ஆளுக்கு என்ன வெட்கம்!" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டைப் பிரித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கலந்திருந்தது.

மறுநாள் கிரேன்காரரும் மனைவியும் அவள் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. மனைவி கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஸ்கேலை வைத்தாள்.

"இது உணவுக்குழாய். இது இரைப்பை. கீழே சுருண்டு கிடக்கறது சிறுகுடல். அதைச் சுத்திச் சட்டம் போட்ட மாதிரி இருக்கே, இதுதான் பெருங்குடல். அஞ்சடி நீளம். ரத்தம் இதுல எங்கேயோ கசியுதுன்னு நினைக்கறோம்."

"கேன்சரா?" என்று கேட்டார் அவர்.

"அப்படித்தான்னு இல்ல. மூலமா இருக்கலாம். மரு மாதிரி ஒரு சதை வளர்ந்திருக்கலாம். ஆனா அந்தச் சதையை அப்படியே விட்டுவெச்சா, சில வருஷத்துல கேன்சரா மாறலாம். குடல் சுவரைத் தாண்டிக் கல்லீரலுக்குப் போயிடுச்சுன்னா கஷ்டம்."

"முன்னாடியே பிடிச்சுட்டா?"

"முக்கால்வாசிப் பேர் நல்லாயிடறாங்க."

"நல்லாயிடுவாங்களா? நிஜமா?"

"அதுக்குத்தானே உங்களைத் துரத்தித் துரத்தி வாங்கினேன்! கேமரா வெச்ச குழாயை விட்டு உள்ளே பார்க்கணும். ஆஸ்பத்திரியில பேசிட்டேன். வர்ற செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை வேணாம் சிஸ்டர்."

சொன்னது மனைவி.

"ஏம்மா?"

"மக மாசமா இருக்கா. ரெண்டு மாசத்துல பிரசவம். குழந்தை பிறந்து அவளும் தேறட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. "இது உயிர் விஷயம்மா. உங்க வீட்டுக்காரர் உயிரு."

"அவருக்கு ஒண்ணும் ஆகாது."

ஏதோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தவள் மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். நர்ஸ் அவளை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. எடை குறைஞ்சிருக்கா? சோர்வா இருக்கா?"

"இருக்கு சிஸ்டர். ஆறு மாசமா. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. ராத்திரி சாப்பாடும் பாதியோட சரி."

"நாலு படியா? நேத்துகூட ஏணியில ஓடி ஏறினீங்களே! பார்த்தேனே!"

"அவர் ஏதோ உளர்றாரு சிஸ்டர்" என்று மனைவி அவசரமாகக் குறுக்கிட்டாள். அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "நீங்க வாயை மூடிட்டு எந்திரிங்க. போலாம்."

நர்ஸின் பொறுமை போய்விட்டது.

"நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். புருஷனை இழுத்துட்டு வர்ற பொண்டாட்டியைத்தான் பார்த்திருக்கேன். உங்களை மாதிரிக் கல்நெஞ்சைப் பார்த்ததில்ல. பிரசவம் பார்க்க ஆயிரம் பேர் வருவாங்கம்மா. கட்டினவர்மேல கொஞ்சமாவது அக்கறை வேணாமா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

கிரேன்காரர் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். டப்பா என்றாலே ஓடி ஒளிந்த மனிதரின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

"அவளைத் திட்டாதீங்க சிஸ்டர். என் வேலை போயிடக் கூடாதுன்னுதான் மறைக்கப் பார்க்கறா. போனாப் போகட்டும். செவ்வாய்க்கிழமைக்கு இவ பேரை எழுதுங்க. நான் பயந்துபோய்க் கெஞ்சிக் கேட்டேன்னு, அந்த டப்பாவில தன்னோடதை எடுத்துக் குடுத்தது இவதான்."