தெய்வநாயகம் சார் செய்த தப்பு

"மன்னிக்கணும். இதுல ஒரு தப்பு இருக்கு."

கரும்பலகையில் கடைசி வரியை எழுதப் போன தெய்வநாயகம் சார், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

கல்லூரி ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய ஆராய்ச்சி மாணவி பார்வதிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கணக்கில் புலி என்று புதுச்சேரி முழுக்கப் பேர் வாங்கிய மனுஷன், மெட்ராஸ் விருந்தாளி எதிரிலா இப்படி மானத்தைக் கப்பலேற்றுவது?

அந்த விருந்தாளி, புரொபசர் இராமதாஸ், லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் ஒரு வார்த்தை எழுதினால் தெய்வநாயகம் சாருக்குப் பாரிஸில் ஒரு வருஷம் ஆராய்ச்சி. பார்வதியின் தீசிஸைப் படித்துப் பட்டம் தரலாமா என்று முடிவு செய்யப் போகிறவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை அவளுக்கு வைவா, அவர் எதிரில் வாய்மொழித் தேர்வு.

"எங்க சார் தப்பு?" என்றார் இராமதாஸ்.

"மூணாவது படியில."

"எனக்குச் சரியாத்தானே படுது?"

"இல்ல சார். தப்புதான். நான் இத வாபஸ் வாங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டுப் போர்டைத் துடைத்தார்.

மாணவர்கள் ஒரு மைனஸ் குறியை விட்டால்கூடப் பேப்பரைத் தூக்கி எறிகிறவர் அவர். அந்த 1984-இல், ஃப்ராக்டல் என்ற பேரையே ஊரில் பலர் அவர் வாயால்தான் முதலில் கேட்டார்கள். 'ஓரம் பிய்ஞ்ச மேளம்' என்று பையன்கள் அவர் ஆராய்ச்சியைக் கேலி பேசுவார்கள். கேலியானாலும் விஷயம் அதுதான். ஓரமெல்லாம் பிசிறு, அந்தப் பிசிறுக்குள்ளும் பிசிறு என்று போய்க்கொண்டே இருக்கிற ஒரு மேளத்தைத் தட்டினால் எப்படி ஒலிக்கும்? பாதி வடிவக் கணக்கு, பாதி இயற்பியல். அதையே கட்டிக்கொண்டு அழுததில் அவர் தலை நரைத்துவிட்டது. இப்படிப்பட்ட எல்லா மேளங்களுக்கும் சேர்த்து ஒரே விடை கிடைத்துவிட்டது என்று சொல்லித்தான் இன்றைய கூட்டத்தையே ஏற்பாடு செய்திருந்தார்.

"அவசரப்பட்டுட்டாரும்மா" என்றார் இராமதாஸ் பார்வதியிடம், வாசலில் காரில் ஏறும்போது. "இதுக்கப்புறம் பாரிஸுக்கு நான் எப்படி சிபாரிசு பண்றது?"

பார்வதிக்குத் தன் வைவா ஞாபகம் வந்தது. கைடே தப்புப் போடுகிறவர் என்றால், அவர் கையெழுத்துப் போட்ட தீசிஸை யார் நம்புவார்கள்? முத்தியால்பேட்டையில், மில் வேலை போய் வீட்டோடு கிடக்கிற அப்பா இந்தப் பட்டத்தைத்தான் மலைபோல நம்பியிருக்கிறார். பட்டம் வந்தால்தான் அவளுக்கு நிரந்தர வேலை.

விறுவிறுவென்று சார் அறைக்குப் போனாள்.

"உங்களுக்கே இது நல்லா இருக்கா சார்? வெள்ளிக்கிழமை அவரு முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

"உன் தீசிஸ்ல தப்பு இல்லம்மா. தைரியமா நில்லு."

"உங்க கணக்குலயும் தப்பு இருக்காதுன்னுதான் சார் இவ்ளோ நாள் நெனச்சிட்டு இருந்தேன்."

சுருக்கென்றுதான் தைத்திருக்கும். ஆனால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறந்துவிட்ட பையை எடுக்க ஹாலுக்கு வந்தவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அப்படி என்னதான் தப்பு? கணக்குப் படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. சரியென்று சொன்னாலும் தப்பென்று சொன்னாலும், தானே ஒரு தரம் போட்டுப் பார்க்காமல் மனசு ஆறாது.

சாக்பீஸை எடுத்தாள். சார் எழுதியதை ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு படியாக எழுதிப் பார்த்தாள்.

மூன்றாவது படியில் தப்பு இல்லை.

மறுபடியும் பார்த்தாள். எங்கேயுமே இல்லை.

ஐயோ, சார் தோற்கவில்லை! ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. இராமதாஸுக்கு ஒரு டிரங்கால் போட்டு விஷயத்தைச் சொன்னால்கூடப் பாரிஸைக் காப்பாற்றிவிடலாம். சந்தோஷத்தில், அவர் எழுதாமல் விட்ட கடைசி வரியையும் எழுதி முடித்தாள். எல்லா மேளங்களுக்குமான விடை அங்கே நின்றது.

எல்லா மேளமும் என்றால் தன்னுடையதும்தானே? அவளுடைய தீசிஸ் அதில் ஒரே ஒரு வகை மேளத்தைப் பற்றியது. கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப்போட்டு, வருஷக்கணக்கில் பாடுபட்டுக் கண்டுபிடித்தது. ஆசையாக அதை அந்த வரியில் பொருத்திப் பார்த்தாள்.

அடுத்த வரியிலேயே அவளுடைய தீசிஸ் மொத்தமும் வந்து விழுந்தது.

பார்வதி சாக்பீஸைக் கீழே வைத்தாள். எல்லாவற்றுக்கும் பொதுவான விடை ஒன்று வந்துவிட்டால், தனியாக ஒன்றுக்கு மட்டும் விடை கண்டவளுக்கு யார் பட்டம் கொடுப்பார்கள்? சார் மட்டும் அந்தக் கடைசி வரியை எழுதியிருந்தால், அந்த நிமிஷமே இராமதாஸுக்கு அவளுடைய தீசிஸ் வெறும் காகிதமாகியிருக்கும்.

வாசலில் யாரோ செருமினார்கள். தெய்வநாயகம் சார். போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எழுதிட்டு இருக்கும்போதுதாம்மா எனக்கே தெரிஞ்சுது."

"சார்... பாரிஸ்..." அவளுக்கு அழுகை வந்தது.

"அழிச்சிடும்மா" என்றார் அவர். "உனக்குப் பட்டம் வர்ற வரைக்கும் அது தப்பாவே இருக்கட்டும்."