அல்லிக்குளத்துக் கணக்கு தப்பியது

காட்டில் நாற்பது குளங்கள். குளத்துக்கு ஒரு உறுப்பினர். எந்தக் கட்சிக்கு உறுப்பினர் அதிகமோ அதுதான் காட்டை ஆளும்.

தவளைகள் வாழும் அல்லிக்குளம் யாரை ஜெயிக்க வைக்கிறதோ, அவர் கட்சியே ஆட்சிக்கு வரும். பன்னிரண்டு தேர்தலாக இது தப்பியதே இல்லை. எட்டு முறை கொக்கு, நான்கு முறை பாம்பு.

பதின்மூன்றாவது தேர்தலில் அல்லிக்குளம் ஆமையை ஜெயிக்க வைத்தது. மற்ற முப்பத்தொன்பது குளங்களிலும் கொக்குதான்.

முடிவு வந்ததும் தவளைகள் எல்லாம் கூடின. தலைவர் சொறியன் அல்லி இலையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தார்.

“ஐயையோ, மானமே போச்சே! எப்படிய்யா தப்புச்சு?”

நெட்டைக்காலன் என்ற தவளை தயங்கித் தயங்கி முன்னே வந்தது.

“என்னாலதான் தலைவரே. எப்பவும் ஓட்டுக்கு முந்தின நாள் மத்த குளத்துக்கெல்லாம் தாவிப் போயி, அங்க யாரு ஜெயிப்பாங்கன்னு கேட்டுட்டு வந்து எல்லார் காதுலயும் போடுவேன். இந்தத் தடவை கால் சுளுக்கிக்கிச்சு. போகல.”

“அப்போ எதை வச்சு ஓட்டுப் போட்டோம்?”

ஒரு பெண் தவளை மெல்லச் சொன்னது. “ஆமை நம்மளத் தின்னாதுன்னு நினைச்சுப் போட்டுட்டேன்.”

“நானும்.”

“நானுந்தான்.”

சொறியனுக்குக் கண் பிதுங்கியது. “வெளிய மூச்சு விடாதீங்க!” என்றார். பிறகு நெட்டைக்காலனின் காலைப் பிடித்து, பதமாகச் சுளுக்கு நீவத் தொடங்கினார்.

“அடுத்த தேர்தலுக்குள்ள நீ தாவியாகணும்டா, கண்ணு.”