கதவில் ஒட்டிய தாள்

"நேத்து வாங்கின காபித் தூள். இன்னிக்கு டப்பாவைத் தட்டினா சத்தம்தான் வருது. ஃபிலிம் குடிச்சது போக மனுஷங்களுக்கு ஏதாவது மிஞ்சுமா?"

மாமியார் கேட்டது மகனிடம். காதில் விழவேண்டியது மருமகளுக்கு.

அம்மாவுக்கு ஈறு வீங்கியிருக்கிறது, வலிதான் இப்படிப் பேச வைக்கிறது என்று கணவன் மெதுவாகச் சமாதானம் சொன்னான்.

தானே எடுத்து, தானே கழுவிய கறுப்பு வெள்ளை ஃபிலிமோடு திங்கட்கிழமை வந்தால் வேலை என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார். கழுவும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. வீட்டுச் சாமான்களிலேயே கழுவும் செய்முறை ஒன்றைத் தேடிப்பிடித்து, குளியலறைக் கதவில் ஒட்டியிருந்தாள். காபித் தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி தூள் ஐந்து கிராம். மூன்றாவதை மட்டும் அடித்து, 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.

அது இல்லாமல் கழுவிய இரண்டு சுருள்களும் மங்கல். "இதுல இருக்கிறது நானா, அடுப்புப் புகையா?" என்று மாமியார் கேட்டது இன்னும் உறுத்தியது.

இன்று ஞாயிறு. கையில் கடைசிச் சுருள்.

முன்பே எடுத்து வைத்திருந்த காபித் தூளை ஒரு குவளையிலும் சோடாவை இன்னொன்றிலும் கரைத்துச் சமையல் மேடையில் வைத்தாள். குளியலறைக்குள் போய், கதவிடுக்கில் துண்டைச் செருகி, விளக்கை அணைத்து, ஃபிலிமைத் தடவித் தடவிச் சுற்றி, வெளிச்சம் புகாத ஃபிலிம் டப்பாவுக்குள் மூடினாள். வெளியே மாமியார் மிளகோ எதுவோ இடிக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து இரண்டு குவளைகளையும் கலந்தாள். பொங்கி நுரைத்தது. முன்பு இப்படி ஆனதில்லை. ஆனால் வேறு காபித் தூளும் இல்லை, வேறு நாளும் இல்லை. டப்பாவில் ஊற்றினாள். கால் மணி நேரம் ஆட்டினாள். அலசி, படம் அழியாமல் நிற்க மிச்சமிருந்த ஃபிக்ஸரை ஊற்றி, பிறகு திறந்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் துணி காயப்போடும் மாமியாரின் புடவை மடிப்புகளைக்கூட எண்ணிவிடலாம்.

"அத்தை, வந்து பாருங்களேன்."

மாமியார் கண்ணை இடுக்கிப் பார்த்தார். நெகட்டிவில் அவருடைய நரைமுடி கன்னங்கரேலென்று இருந்தது.

"முடி கறுப்பாத்தான் விழுந்திருக்கு. பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, இடித்த உரலைக் கழுவப் போய்விட்டார்.

மேடையிலிருந்து காலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்த மகன் திகைத்தான். "அம்மா, நேத்துதானே உன் ஈறுக்கு வாங்கினேன்? தினம் ஒண்ணுன்னு பத்து நாளைக்கு. பத்தும் எங்கே?"

மருமகள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வைட்டமின் சி, ஐந்நூறு மில்லிகிராம்.

உரலைக் கழுவியபடியே, திரும்பிப் பார்க்காமல் மாமியார் சொன்னார்: "என் ஈறு இன்னும் பத்து நாள் பொறுக்கும்டா. இவளோட திங்கக்கிழமை பொறுக்குமா?"