பசிக்காத நாய்

சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த செல்போனுக்குள் ஒரு விளையாட்டு நாய் பசிக்கு அழுதது. கட்டிலுக்கடியில் படுத்திருந்த செவலை என்கிற நிஜ நாய் எழுந்து போய் எட்டிப் பார்த்தது.

"நேத்துதானே நம்ம வீட்டுக்காரர் உனக்கு நாற்பது ரூபாய்க்கு எலும்பு வாங்கிப் போட்டார்? ருசியா இல்லையா?"

"எனக்கு ஏது அண்ணே ருசி? பசியே வந்ததில்லை. மணிக்கொரு தரம் அழணும். அழுதாத்தான் என்னைச் செஞ்ச கம்பெனிக்குக் காசு. பாவம், அவர் நம்பிடறார்."

செவலை தன் காலித் தட்டைப் பார்த்தது.

"தினமும் கண்ணாடி மேல தடவிக் கொடுப்பார். என்கிட்ட எதுவும் வந்து சேராது," என்றது விளையாட்டு நாய். "அவர் தடவினா எப்படி அண்ணே இருக்கும்?"

செவலை திரும்பிப் போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது.

"மறந்துபோச்சு தம்பி."