நாலாவது பிளக்

திருகோணமலையே தம்பலகாமம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. யப்பான்காரன் எந்த நேரமும் குண்டு போடுவான் என்று கதை. சிவபாதம் மட்டும் வீட்டு முற்றத்தில் கார் எஞ்சினின் நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றிப் புதிசு மாட்டிக்கொண்டிருந்தார்.

"நாலாவது பிளக்கைக் காணேல்லை."

"பழசைப் போடுங்கோ அத்தான்!" காருக்குள் ஏறியிருந்த மைத்துனன் இராசநாயகம் பதறினான்.

பழையதைத் துடைத்து மாட்டி, காரின் முன்னால் நின்று ஸ்டார்ட் பண்ணும் கைபிடியைச் சுற்றினார். கார் மூச்சுவிடவில்லை.

"பழசு சரிவராது" என்று மறுபடி கழற்றினார்.

"ஒரு பிளக் மாத்த இவ்வளவு நேரமோ? கெதியாப் பாருங்கோ!" மனைவி தங்கேஸ்வரி கத்தினாள். கண் மட்டும் வாசல் படலையில் இருந்தது.

"இனி நடந்தெண்டாலும் போவம் அக்கா!" இராசநாயகம் இறங்கிவிட்டான்.

அப்போது படலை திறந்தது. துறைமுகத்தில் வேலை செய்யும் மகன் குணநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

தங்கேஸ்வரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே புது பிளக்.

"பிள்ளை வரமுன்னம் வெளிக்கிட்டிடுவியளெண்டு நான்தான் ஒளிச்சனான். இப்ப போட்டு ஓடுங்கோ."

சிவபாதம் சிரித்தார்.

"மூண்டு பிளக்கிலயும் கார் ஓடுமப்பா. இந்த வயர் இல்லாமத்தான் ஓடாது."

தானும் மடியில் ஒளித்து வைத்திருந்த காயில் வயரை எடுத்தார்.