நாலாவது ஸ்கர்ட்

"நான் ஆடலைப்பா. என்னை விட்டுடுங்க."

விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது லேட்டு இப்படிச் சொன்னதும் டீச்சருக்கு வந்ததே கோபம்!

"விளையாடறியா? நாலு பேர் ஆடற டான்ஸ் இது. ரெண்டு ஜோடி. நீ போயிட்டா நர்ஸ் எதைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்துவா? தூணையா?"

"ஸ்டெப் மனசுல நிக்க மாட்டேங்குது, டீச்சர்."

"ஒரு மாசமா நின்னுது. இன்னைக்குத்தான் நிக்கலையாக்கும்!"

அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா. டீச்சர், நர்ஸ், ஊசி, லேட்டு என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் நாலு சிநேகிதிகளும் அந்தக் காலத்து ஸ்டைலில் ஆடுவதாகப் பேர் கொடுத்திருந்தார்கள். சிவப்பில் வெள்ளைப் பொட்டு போட்ட அம்ப்ரெல்லா ஸ்கர்ட், நாலு பேருக்கும் ஒரே மாதிரி. எதற்கும் கடைசியில் வந்து சேர்வதால்தான் லேட்டுவுக்கு அந்தப் பேர். தைப்பதை ஏற்றுக்கொண்டவள் ஊசி. ஊசியிடம் மெஷின் இருந்தது. அதைவிடப் பெரிதாக வாய் இருந்தது. "ரெடிமேடா? டெய்லரா? ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அடித்துப் பேசி, மொத்த வேலையையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டவள்.

இப்போதும் அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினாள்.

"உனக்காகத் துணி வெட்டினேனே, அது வீணாப் போச்சே, யோசிச்சியாடி? அடுத்தவ உழைப்புன்னா உனக்கு அவ்வளவு இளப்பமா?"

லேட்டு தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்கோடி."

ஊசிக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் நாலாவது ஸ்கர்ட் என்று ஒன்று இல்லவே இல்லை.

முதல் மூன்றும் அழகாக வந்துவிட்டன. நாலாவது துணியை நாலாக மடித்துப் போட்டு, ஊரே தன்னைப் புகழப்போகிற நினைப்பில், இடுப்புக்கு ஐந்து அங்குலம் குறிக்க வேண்டிய இடத்தில் பத்து குறித்து, கரகரவென்று வெட்டிவிட்டாள். பிரித்துப் பார்த்தால் நடுவில் ஓர் ஓட்டை. அதற்குள் டீச்சரும் நர்ஸும் சேர்ந்தே நுழையலாம்.

ஊசி லேசில் விடுகிறவள் இல்லை. சுருக்கம் வைத்துப் பார்த்தாள், நீளம் போதவில்லை. ஒட்டுப் போட்டுப் பார்த்தாள். பொட்டுக்குப் பொட்டு சேரவில்லை. கடைக்கு ஓடினாள், அந்தத் துணி தீர்ந்துவிட்டது. ஒரு கடை பாக்கியில்லாமல் ஏறி இறங்கினாள்; எங்கேயும் அந்தச் சிவப்பு இல்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் டீச்சர், "அப்பவே டெய்லர்கிட்ட குடுக்கலாம்னு சொன்னேன்" என்பாளே! அதைக் கேட்கவா இத்தனை பாடு? எப்படியாவது சமாளித்தே தீர்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கெட்டுப்போனதைச் சோபா மெத்தைக்கு அடியில் திணித்தாள்.

அளவு பார்க்க வந்த டீச்சரும் நர்ஸும் ஸ்கர்ட்டைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபிறகு, வழக்கம்போல, லேட்டு வந்தாள்.

"என்னுது எங்கேடி?"

"இடுப்புப் பட்டி வைக்கணும், நாளைக்கு வா. உக்காரு, டீ போடறேன்."

டீயோடு திரும்பியபோது லேட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "இன்னொரு நாள் குடிக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள். மறுநாள்தான் ஆடவில்லை என்று வந்து நின்றாள். தப்பித்தோம் என்று ஊசி பெருமூச்சு விட்டாள்.

விழாவன்று மேடைக்குப் பின்னால் மூன்று பேரும் சிவப்பும் பொட்டுமாக நின்றார்கள். அவர்களுக்குக் கொண்டை போட்டுவிட, ஹேர்பின் டப்பாவும் கையுமாக லேட்டு வந்திருந்தாள். அதிசயமாகச் சொன்ன நேரத்துக்கே வந்திருந்தாள்.

டீச்சருக்கு மனசு ஆறவில்லை.

"மூணு பேர் ஆடினா மூளியா இருக்கும்டி. ஏ லேட்டு, ஸ்டெப் தப்பினாலும் பரவாயில்லை, வந்து நில்லு. ஊசி, அவ ஸ்கர்ட் உன் வீட்டுலதானே இருக்கு? ஓடு, எடுத்துட்டு வா!"

ஊசிக்குக் குப்பென்று வியர்த்தது.

"அது... வந்து..."

"அது இல்லை, டீச்சர்" என்றாள் லேட்டு. "போட்டுப் பாக்கறேன்னு இழுத்தேன், டர்ருனு கிழிஞ்சுபோச்சு. அதான் ஆடலைன்னேன்."

"அடிப்பாவி! கிழிச்சுட்டு, ஸ்டெப் மறந்துபோச்சுன்னு கதையா விட்டே?"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அவ இடுப்பொடியத் தைப்பாளாம், இவ சாவகாசமா வந்து கிழிப்பாளாம்! உன்னையெல்லாம் சேர்த்துக்கிட்டதே தப்பு."

லேட்டு ஊசியின் இடுப்புக் கொக்கியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கம்முனு இருடி. அன்னைக்குச் சோபாவுல உக்காந்தப்பவே பார்த்துட்டேன். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். உனக்குப் பழக்கமில்லை."

இவளைப் பார்த்தா உழைப்பைப் பற்றிக் கத்தினோம்? ஊசியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மைக்கில் அவர்கள் பேரைக் கூப்பிட்டார்கள்.

ஊசி கொக்கியைக் கழற்றினாள். உள்ளே லெகிங்ஸ் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஸ்கர்ட்டை உருவி லேட்டுவின் கையில் திணித்தாள்.

"ஐயோ, என்னடி பண்றே?" என்று லேட்டு பதறினாள்.

டீச்சர் இன்னும் லேட்டுவைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தாள். ஊசி நடுவில் போய் நின்றாள்.

"வெட்டிக் கெடுத்தவ நான். திட்டறதா இருந்தா இந்தப் பக்கம் திரும்பித் திட்டு, டீச்சர்!"